ஒத்தக் காது ஹெட்செட்

ஹெட்செட் வாங்கப் போகிறவன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போவானா? ஜீவா போட்டுக்கொண்டு போனான். புதுச்சத்திரத்திலிருந்து சேலம் வரைக்கும் விசிலடித்துக்கொண்டே பிக்கப் வண்டியை ஓட்டினான். முப்பத்தொரு வயதுக்காரன் இப்படிக் குதித்துக்கொண்டு போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் எடப்பாடி கோகிலவாணி அவனுக்குத்தானா, இல்லையா என்பது தெரிந்துவிடும். அந்தச் செய்தி போனில்தான் வரும். அது வருகிற நேரத்தில் அவன் ரோட்டில் இருப்பான்.

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் முனீரின் செல்போன் கடை இருக்கிறது. முனீரிடம் ஒரு குணம் உண்டு. கேட்ட பொருளைச் சட்டென்று எடுத்துத் தரமாட்டார். முதலில் விசாரணை நடக்கும்.

"என்ன வண்டி ஓட்டுற?"

"பிக்கப்புங்கண்ணா. நூல் கோனு, தீவனம், எது கெடச்சாலும் ஏத்துவேன்."

"ஜன்னலைத் தெறந்து விட்டு ஓட்டுவியா, மூடியா?"

"தெறந்துதானுங்க."

"வழக்கமா எந்தக் காதுல வச்சுப் பேசுவ?"

"அண்ணா, நான் ஹெட்செட்டு வாங்க வந்தனுங்களா, லைசென்ஸ் எடுக்க வந்தனுங்களா?"

பில் போடுகிற மேஜையில் உட்கார்ந்திருந்த முனீரின் மனைவி ஷஹர்பானு சிரித்துவிட்டாள். "அவர் அப்படித்தான் தம்பி. சார்ஜர் கேட்டு வந்தவங்கள உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசுவாரு. பொறுத்துக்க."

கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று இருந்த ஒரு ஜோடியை ஜீவா காட்டினான். இரண்டு காதிலும் செருகிக்கொள்கிற சின்ன மொட்டுகள். முனீர் அதைத் தொடக்கூட இல்லை.

"இதைப் போட்டுக்கிட்டு பஸ்ஸுல உக்காந்து பாட்டுக் கேளு, வேணாங்கல. ஸ்டீயரிங் புடிக்கிறவன் ரெண்டு காதையும் அடைச்சுக்கக் கூடாது. பின்னால வர்றவன் அடிக்கிற ஹாரன் எப்படிக் கேக்கும் உனக்கு? டிரைவருக்கு ஒத்தக் காதுதான்."

கழுத்தில் மாட்டுகிற பட்டை வேண்டாம், சீட் பெல்ட்டோடு சிக்கிக்கொள்ளும். வயர் வைத்தது வேண்டவே வேண்டாம், கியர் போடும்போது கை இழுக்கும். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். ஜீவாவுக்குப் பெஞ்சில் இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டி இறங்கியது. உள்ளே ஒரே ஒரு காதுக்கான கருவி. காது மடலைச் சுற்றி ஒரு கொக்கி, வாய்ப் பக்கமாக நீண்ட குட்டித் தண்டு, பக்கவாட்டில் ஒரே ஒரு பட்டன்.

"பட்டன் பெருசா இருக்கு பாத்தியா? கண்ணை ரோட்டுல வச்சுக்கிட்டே தடவி அமுக்கலாம். காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்கும். ஆனா இதோட வித்தை வேற." முனீர் குரலைத் தாழ்த்தினார். "மனுசக் குரலை மட்டும்தான் உள்ள விடும். மத்த சத்தத்தையெல்லாம் வெட்டிப் போட்டுரும்."

ஜீவா பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டான். இதுதான் அவனுக்கு வேண்டும். இதற்காகத்தான் இரண்டு வருடமாகக் காத்திருந்தான், அது இன்னதென்று தெரியாமலே.

எடப்பாடியில் அப்புசாமியின் வீட்டை ஒட்டினாற்போல விசைத்தறிப் பட்டறை. எட்டுத் தறிகள் பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை கடகடவென்று ஓடும். நூல் மூட்டை இறக்கப் போன இடத்தில்தான், நோட்டும் கையுமாக நின்ற அவருடைய மகளை ஜீவா பார்த்தான். பார்த்தது சரி, பேசத்தான் முடியவில்லை. அவள் பக்கம் தறிச் சத்தம், அவன் பக்கம் வண்டிச் சத்தம். இரண்டு வருடக் காதலில் பாதி, "ஆ? என்னங்க? கேக்கலீங்க!" என்பதிலேயே போயிற்று. ஒருநாள் அவன் தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, "உன்னயத்தான் கட்டிக்குவேன்" என்று போனில் சொன்னான். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பதினாறு கட்டுங்க" என்றாள். நூல் கட்டு எத்தனை என்று கேட்கிறான் என நினைத்துக்கொண்டாள். அந்தச் சங்கதி பிறகு நேரில் பார்த்தபோதுதான் தீர்ந்தது.

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு ஓட்டியவன், ஒருமுறை வளைவில் ஒரு பால்காரரின் கேன்களைத் தட்டிவிட்டான். யாருக்கும் அடியில்லை. ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து, வண்டி ஓட்டும்போது அவன் கூப்பிட்டால் கோகிலவாணி எடுப்பதே இல்லை. கையை விட்டுப் பேசுகிற வழி ஒன்று கண்டுபிடித்துக்கொண்டு வா, பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டாள்.

"சோதிச்சுப் பாத்தாத்தான் நம்புவேனுங்க" என்றான் ஜீவா.

முனீருக்கு அதைவிட இனிப்பான வார்த்தை உலகத்தில் இல்லை. ஷஹர்பானுவின் காதில் ஒன்றை மாட்டி, சந்து முனையில் மிக்ஸி இரைகிற ஜூஸ் கடைக்கு அனுப்பினார். ஜீவாவின் காதில் இன்னொன்றை மாட்டி, வண்டியில் ஏற்றி, இன்ஜினைப் போடச் சொன்னார். ஜீவா ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டான். பஸ்கள் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"தம்பி, கேக்குதா?" ஷஹர்பானு பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. மிக்ஸியைக் காணோம். "மாதுளை ஜூஸ் சொல்லட்டா, சாத்துக்குடியா? உங்கண்ணன் கணக்குலதான்."

"அக்கா! வண்டிச் சத்தம் கேக்குதுங்களா?"

"வண்டி ஆஃப்ல இல்ல இருக்கு?"

ஜீவா வண்டியிலிருந்து குதித்து இறங்கினான். "இதுலயே ரெண்டு குடுங்கண்ணா!"

"உனக்கிருக்கிறது ஒரு வண்டிதானே" என்றார் முனீர்.

ஜூஸோடு திரும்பி வந்த ஷஹர்பானு அவனுடைய சட்டையையும் முகத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். "இந்த ஒண்ணு மட்டும் விசாரிக்காம குடுங்க" என்று கணவரிடம் சொன்னாள்.

இனி அந்த மறுநாள் விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வீட்டிலும் பேசியாகிவிட்டது. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் அம்மா சௌந்திரத்துக்குப் பையனைப் பிடித்துப்போய் ஆறு மாதமாகிறது. மிச்சமிருந்தது ஒரு பல்லி.

பல்லி கத்துவதைக் கவுளி வாக்கு என்பார்கள். அப்புசாமி கவுளி கேட்காமல் தறிக்கு எண்ணெய்கூடப் போடமாட்டார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். நல்ல காரியம் என்றால் குடும்பத்தோடு தங்கள் குலதெய்வமான அம்மன் கோயிலுக்குப் போய், பூசை முடிந்ததும் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிடுவார். பன்னிரண்டு மணிக்குப் பூசாரி நடை சாத்துவதற்குள் கவுளி கூப்பிட்டால் அம்மன் சரி என்று சொல்லிவிட்டாள். கூப்பிடாவிட்டால் வாக்கு இல்லை. துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

கோகிலவாணிக்கு வந்த இரண்டு வரன்கள் இப்படித்தான் போயின. ஒன்று பேங்க் வேலைக்காரன், இன்னொன்று சங்ககிரி லாரி ஓனர் மகன். இரண்டு தடவையும் பெண்கள் வெளியே பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்; கவுளி வாயே திறக்கவில்லை என்று உள்ளேயிருந்து வந்த அப்புசாமிதான் சொன்னார். அப்போது கோகிலவாணி உள்ளுக்குள் அந்தப் பல்லியைக் கும்பிட்டாள். மூன்றாவதாக வருகிறவன் ஜீவா என்பதால் இப்போது அதே பல்லி வாய் திறக்க வேண்டுமென்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

மாப்பிள்ளை வீட்டார் அந்த நேரத்தில் கோயிலில் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். இருக்கலாம் என்றாலும் ஜீவாவால் போயிருக்க முடியாது. மல்லூர்ப் பக்கத்தில் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியிலிருந்து ஐநூறு கோழிக்குஞ்சுகளை எருமப்பட்டிப் பண்ணையில் சேர்க்க வாக்குக் கொடுத்திருந்தான். முட்டையை விட்டு வெளியே வந்த குஞ்சு யாருடைய கல்யாணத்துக்காகவும் காத்திருக்காது.

அன்று சாயங்காலம் எடப்பாடிக்கு நூல் மூட்டை இறக்கப் போனவன், இரண்டாவது ஹெட்செட்டை ஒரு மூட்டைக்குள் செருகி, கண்ணால் ஜாடை காட்டிவிட்டு வந்தான். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் காதில் மணியடித்தது. தடவிப் பட்டனை அமுக்கினான்.

"ஏனுங்க" என்றாள்.

அவ்வளவுதான். ஜீவாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த ஒரு வார்த்தையை அவன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான், தறிச் சத்தத்துக்கு நடுவில் கத்தலாக. அவள் இவ்வளவு மெதுவாகப் பேசுவாள் என்று அவனுக்குத் தெரியாது. பேசுவதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுப்பாள் என்பதும் தெரியாது.

"தறி நிறுத்தியாச்சா?"

"எட்டுந்தான் ஓடுது. நான் நடுவுல நின்னுக்கிட்டு இருக்கறேன். ஏனுங்க, உங்க கொரலு இப்படித்தானுங்களா?"

"எப்படி?"

"கொஞ்சம் கட்டையா இருக்குது. நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன்."

"புடிக்கலியா?"

"இப்ப மாத்தவா முடியும்?" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்குக் கோயிலுக்குள்ள போறப்ப இதை மாட்டிக்கிட்டு, முடிய முன்னால உட்டு, பூவை வச்சு மறைச்சுக்குவேன். லைனு அப்படியே இருக்கட்டும். கவுளி கூப்டறது உங்களுக்கும் கேக்கோணும். நீங்க மட்டும் வாயத் தெறக்கப்படாது."

"மூச்சுக்கூட உட மாட்டேன்."

"மூச்சு உடுங்க. வண்டி ஓட்டோணுமில்ல."

திங்கட்கிழமை காலை. ஓட்டை போட்ட பெட்டிகளில் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஜீவா மல்லூரை விட்டுக் கிளம்பும்போது மணி பத்து. பின்னால் ஐநூறும் கீச்கீச்சென்று பிய்த்துக்கொண்டிருந்தன. வலது காது திறந்திருந்தது. இடது காதில் ஹெட்செட். ரோட்டின் சத்தமெல்லாம் ஒரு காதில், அவன் எதிர்காலம் இன்னொரு காதில் என்று ஓட்டினான்.

பத்தேகாலுக்கு மணியடித்தது.

"வந்துட்டோமுங்க. அப்பா காலு கழுவப் போயிருக்காரு. குஞ்சு ஏத்தறேன்னீங்களே, ஏத்தலீங்களா? ஒரு சத்தத்தையும் காணோம்?"

"ஐநூறும் பின்னாலதான் கத்துது. உனக்குக் கேக்கலியா?"

"ஒண்ணுகூடக் கேக்கலீங்க. நீங்க மட்டுந்தான் கேக்கறீங்க."

ஜீவாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பாத்தியா, எப்படிப் பொறுக்கி வாங்கினேன் என்று ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டினான். அந்த இடத்தில் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு எதுதான் உறைக்கும்?

பூசாரியின் குரல் கேட்டது. பிறகு சௌந்திரம், "இந்தப் பக்கம் உக்காருங்க" என்றாள். அப்புசாமி ஒரு பெரிய தொண்டைச் செருமலோடு, "இனி ஆரும் பேசப்படாது" என்றார். அதோடு சரி. காதுக்குள் இருட்டு விழுந்தது போலாகிவிட்டது.

ஜீவா காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். கோகிலவாணியின் மூச்சு மட்டும் இடையிடையே வந்தது. புதுச்சத்திரம் தாண்டினான். சொந்த ஊரில் தெரிந்தவர் ஒருவர் கையசைத்தார்; பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினான். வீட்டுச் சுவரில் பல்லி கத்தியபோதெல்லாம் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு துரத்தியது ஞாபகத்துக்கு வந்தது. இனி அவற்றின் மேல் கை வைப்பதில்லை என்று சத்தியம் செய்தான். நாமக்கல் வந்தது, போனது. பதினொன்றரை. சிக்னலில் நின்றபோது பக்கத்து லாரிக்காரர் அவன் முகத்தைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று சைகையில் கேட்டார். ஜீவா நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். அவர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

எருமப்பட்டி ரோட்டில் திரும்பி, பதினொன்று ஐம்பது ஆகும்போது காது வெடித்தது.

"அப்பா! கூப்டுச்சு!"

ஜீவா இண்டிகேட்டர் போட்டு ரோட்டோரம் ஒரு வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினான். கூப்பிட்டுவிட்டதா? எப்போது? எனக்கு ஏன் கேட்கவில்லை? எது எப்படியோ, கூப்பிட்டுவிட்டது! கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கி ரோட்டில் ஒரு குதி குதித்தான். இரண்டாவது குதிக்குக் காலைத் தூக்கும்போது அப்புசாமியின் குரல் வந்தது.

"எங்க கூப்டுச்சு? எனக்கொண்ணும் கேக்கலியே."

"கூப்டுச்சுங்க" என்றாள் சௌந்திரம். "சோத்தாங்கைப் பக்கம், அந்த உத்தரத்துக்கிட்ட. மூணு தடவ கூப்டுச்சு. நானும் கேட்டனுங்க."

"நீங்க ஆத்தாளும் மகளும் ஒரு கட்சி. பக்கத்துல உக்காந்திருக்கற எனக்குக் கேக்காம உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்கும்? அம்மன் முன்னால பொய் பேசப்படாது."

"பொய்யில்லப்பா! சத்தியமாக் கூப்டுச்சு!"

"பூசாரி எங்க? அவன் கேட்டானா?"

"தண்ணி எடுக்கப் பைப்புக்குப் போனாருங்க."

"அப்பறம் என்ன? எந்திரிங்க. வாக்கு இல்ல."

ஜீவாவுக்குத் தூக்கிய கால் தரையில் பாவவில்லை. நடுரோட்டில் யாரோ பிடித்துத் தள்ளியது போலிருந்தது. வாக்கு இல்லை என்று அந்த மனிதர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பேங்க்காரனுக்கு நேர்ந்தது, லாரி ஓனர் மகனுக்கு நேர்ந்தது, இப்போது அவனுக்கும். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இருங்கப்பா!" கோகிலவாணியின் குரல் நடுங்கியது. ஆனால் இறங்கவில்லை. "எங்க ரெண்டு பேரையும் நம்ப வேண்டாம். அவரு லைன்ல இருக்காரு. காலையில இருந்து இருக்காரு. அவருக்கும் கேட்டிருக்கும். அவரையே கேளுங்க."

"ஆரு? எந்த லைன்ல?"

"பூவை எடும்மா" என்ற அவசரம், "பாத்துங்கப்பா" என்ற பதற்றம், "இப்படி மாட்டோணுங்க, காதுக்கு மேல கொண்டாங்க" என்ற சௌந்திரத்தின் குரல், எல்லாம் விட்டுவிட்டு வந்தன. யாரோ பட்டனைத் தேடி அமுக்கப் போய், சத்தத்தை முழுதாக ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. பிறகு ஜீவாவின் காதுக்குள் ஒரு பீரங்கி.

"அலோ!"

"மாமா, நானுங்க. ஜீவாங்க."

"கோயிலுக்குள்ள போனைப் போட்டு ஒட்டுக் கேக்கறியா நீ?"

"தப்புத்தானுங்க."

"அது கெடக்கட்டும். கவுளி கூப்டுச்சுங்கறாங்க. நீ கேட்டியா?"

ஒரே ஒரு வார்த்தை. கேட்டுச்சுங்க என்று சொன்னால் போதும், தை மாதம் கல்யாணம். கோகிலவாணியும் சௌந்திரமும் கேட்டது உண்மை, பல்லி கத்தியதும் உண்மை. அவன் காதில் விழவில்லை என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கேட்கிறவர் அம்மன் முன்னால் நின்று கேட்கிறார். காலமெல்லாம் மாமா என்று கூப்பிட வேண்டிய மனிதர். அவரிடம் பேசுகிற முதல் பெரிய பேச்சே பொய்யாக இருந்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவது?

"இல்லீங்க மாமா" என்றான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "எனக்குக் கேக்கலீங்க."

ஜீவா மூச்சு விடாமல் மிச்சத்தையும் கொட்டினான்.

"ஆனா கோகிலா சொன்னா நெசமாத்தானுங்க இருக்கும். இந்த ஹெட்செட்டு மனுசக் கொரலத் தவிர எதையும் உள்ள உடாதுங்க. உங்க தறி எட்டும் ஓடுனாலும் வெட்டிப்போடுமுங்க. இப்ப என்ற வண்டியில ஐநூறு கோழிக்குஞ்சு கத்துது, உங்களுக்கு ஒண்ணாச்சும் கேக்குதுங்களா? அந்த மாதிரித்தான் கவுளியையும் வெட்டியிருக்குமுங்க. நாந்தான் ஒண்ணுக்குப் பத்தாப் பாத்து வாங்குனனுங்க. என்ற தப்புங்க. அவளத் திட்டாதீங்க."

லைன் அறுந்துவிட்டதோ என்று ஜீவா போனை எடுத்துப் பார்த்தான். அறுபடவில்லை.

"இன்னொருக்காப் பேசு சாமி" என்றார் அப்புசாமி. குரல் மாறியிருந்தது.

"என்னங்க பேசறது?"

"எதையாச்சும் பேசு."

"நான்… புதுச்சத்திரத்துல இருந்து பேசறனுங்க. இல்லீங்க, ஊருதான் புதுச்சத்திரம். இப்ப எருமப்பட்டி ரோட்டுல நிக்கறனுங்க. இங்க ஒரு வேப்பமரம் இருக்குதுங்க. வெயிலு ஏறுதுங்க…"

"வேப்பமரம்" என்று அப்புசாமி திருப்பிச் சொன்னார். "வெயிலு ஏறுதுன்ன. அப்படித்தான?"

"ஆமாங்க."

"ஒவ்வொரு வார்த்தையும் உளுகுது சாமி. வாயைப் பாக்காமயே உளுகுது."

ஜீவாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புசாமி குரலைத் தாழ்த்தினார். முப்பத்தைந்து வருடம் தறிப் பட்டறையில் பேசிப் பழகியவரின் ரகசியம், கோயிலுக்கு வெளியே பைப்படியில் நின்றிருந்த பூசாரிக்கும் கேட்டிருக்கும்.

"இவிங்ககிட்டச் சொல்லிப்போடாத. கவுளிச் சத்தம் கேட்டு எனக்கு நாலு வருசமாச்சு. ஆளுக பேசறது கேக்கும், ஆனா வாயைப் பாத்தாத்தான் வெளங்கும். மத்த சத்தமெல்லாம் கேக்குதே, கவுளி மட்டும் கேக்கலியேன்னு இருந்தேன். அம்மன் எம்மேல கோவிச்சுக்கிட்டா, இனி எனக்கு வாக்குக் குடுக்க மாட்டான்னு நெனச்சுக்கிட்டேன் சாமி. ஊட்டுல சொல்லல. எப்படிச் சொல்றது? தறி எங்காதைத் தின்னுபோட்டதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

தறிக்காரர் வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுகிறார்கள். யாருக்குக் காது போனது என்று யாருக்குத் தெரியும்? நாலு வருடமாக அந்த மனிதர் சாமி தன்னைக் கைவிட்டுவிட்டதென்று நினைத்துக்கொண்டு, வெளியே வீறாப்பாகத் துண்டை உதறிக்கொண்டிருந்திருக்கிறார். ஜீவாவுக்குத் தன் கல்யாணமே மறந்துபோயிற்று.

"அம்மன் கோவிச்சுக்கலீங்க மாமா. இப்பக்கூடக் கூப்டுத்தான் இருக்குறா. மூணு தடவ."

தூரத்தில் சௌந்திரம் அழுவது கேட்டது. அழுகையோடே, "அப்ப அந்தப் பேங்க்காரனுக்கும் கூப்டுச்சாட்டம் இருக்குதுங்களே!" என்றாள்.

"அது போனது போவட்டும் உடும்மா!" என்று கோகிலவாணி அவசரமாகக் கத்தினாள்.

அப்புசாமிக்கு அது கேட்டிருக்காது. அவர் அந்தக் கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். குரல் அவ்வளவு பக்கத்தில் வந்தது.

"நான் இங்க வாக்குக் கேக்க வந்தேன். கவுளி சொல்றது எனக்கு இனிமேக் கேக்காது. அம்மன் முன்னால எங்காதுல உளுந்தது உங்க கொரலுதான். கேக்கலைன்னு நெசத்தைச் சொன்னீங்க பாருங்க, அது போதும் எனக்கு."

ஜீவா நிமிர்ந்தான். உங்க என்கிறார். சொன்னீங்க என்கிறார். நூல் மூட்டை இறக்க வருகிற டிரைவரை வா, போ, நீ என்று மட்டுமே பேசத் தெரிந்த மனிதர். அந்தப் பக்கத்தில் யாருக்கு அப்படி வாய் நிறைய மரியாதை கொடுப்பார்கள் என்பது ஜீவாவுக்குத் தெரியாதா என்ன!

"அந்தக் குஞ்சுகளப் பதனமா எறக்கிப்போட்டு, நாளைக்கு உங்க அப்பாரையும் அம்மாளையும் கூட்டிக்கிட்டு ஊட்டுக்கு வாங்க, மாப்ள."

ஜீவா பதில் சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது, மூக்குதான் ஒழுகியது, அன்றும் போட்டிருந்த தேய்த்த சட்டையின் கையில் துடைத்துக்கொண்டான். பின்னால் ஐநூறு குஞ்சுகளும் வெயிலுக்குக் கத்திக்கொண்டிருந்தன.

"அலோ! அலோ! மாப்ள! நான் பேசறது கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க மாமா" என்றான் ஜீவா. "நல்லாக் கேக்குதுங்க."